நாற்பத்தொன்றாம் படத்தின் தேதி

"மிதவை டாக், மூன்றாம் ஆல்பம், படம் 41. படத்தின் கீழே பென்சிலால் எழுதப்பட்டிருக்கும் குறிப்பு, படத்தின் மூலையில் உள்ள தேதியோடு முரண்படுகிறது. குறிப்புக்கு ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை. அழித்துவிடலாமா?"

படக்காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற மாதம் எனக்கு அனுப்பிய சீட்டு இது. முறையான கேள்வி. நான் பொறுப்பில் இருந்த காலத்தில் இப்படி ஒரு முரண்பாட்டைப் பார்த்துவிட்டு யாராவது கேட்காமல் விட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு வரியில் சொல்ல முடியாததால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தப் பென்சில் எழுத்து என்னுடையது. படத்தின் மூலையில் வெள்ளையாகத் தெரியும் தேதியும் என் கையெழுத்துதான். இரண்டுக்கும் இடையே முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அந்தத் தேதி எது என்பது எனக்கு மனப்பாடம். தேதிகளைக் குறித்துவைப்பதில் எனக்கு இருக்கும் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அதை இங்கே எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே செய்த கெடுதல் போதும். இன்னொரு தாளில் ஏற்றி அதற்கு இன்னும் ஆயுள் கொடுக்க விருப்பமில்லை. கிழமைகளை மட்டும் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். மதுரையில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருட்டறை வேலை. அன்றைக்குப் பிலிம் சுருள் ஏழை எளியவர் கைக்கு வரவில்லை. எங்கள் கடையில் எல்லாமே கண்ணாடித் தகடு. படம் எடுப்பதற்கு ஒருவர் இருந்தார். எடுத்த தகட்டை மருந்தில் கழுவி உருவம் தெரியவைப்பது, காயவைப்பது, எண் போடுவது, பிரதி எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. தகட்டின் மூலையில் கறுப்பு மையால் இடவலம் மாற்றித் தேதி எழுத வேண்டும். பிரதியில் அது நேராக, வெள்ளையாக விழும். கண்ணாடியில் பார்த்து எழுதுவதுபோல் எழுதும் அந்தப் பழக்கம் இன்றும் என் விரல்களில் இருக்கிறது.

எந்தத் தேதியை எழுதுவது? இதுதான் விஷயம். கடையின் வழக்கம், தகட்டைக் கழுவிய நாளை எழுதுவது. முதலாளி கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். கல்யாண ஜோடி காலையில் வந்து உட்காரும், மாலையில் தகடு கழுவப்படும். எடுத்த நாளும் கழுவிய நாளும் ஒன்றாக இருந்தவரை அந்த வழக்கத்தில் ஒரு குற்றமும் இல்லை. வெளியூர் வேலை வந்தபோது யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை.

வெளியூர் வேலை என்றால் பெரும்பாலும் ஒரே வேலைதான். கோச்சடையில் ஆற்றைப் பார்த்த பங்களாவில் ஒரு காண்டிராக்டர் இருந்தார். கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் மிதக்கும் டாக் ஒன்றைக் கோத்து நிறுத்தும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. டாக் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பால் செய்த பெரிய தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் திறப்பு, இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர். அடியிலும் சுவருக்குள்ளும் இருக்கும் அறைகளில் கடல்நீரை விட்டால் தொட்டி அமிழும். பழுதான கப்பல் உள்ளே நுழைந்து நிற்கும். நீரை இறைத்தால் தொட்டி கப்பலையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். அதன்பின் ஆட்கள் இறங்கிக் கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டலாம், சாயம் பூசலாம். வேறெங்கோ உழைத்து ஓய்ந்த ஒரு டாக்கைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து இங்கே ஆணியடித்துச் சேர்த்தார்கள். வேலை எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று துறைமுகத்துக்குக் காட்டப் படங்கள் வேண்டும். தேதியிட்ட படங்கள். அவற்றைத் தோல் அட்டை போட்ட ஆல்பத்தில் ஒட்டிக் கொடுப்பது எங்கள் கடையின் வேலை. முதல் பக்கத்தில் தங்க எழுத்தில் 'நாள்வாரியாக எடுத்த படங்கள்' என்று பொறித்திருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கக்கூடும். எல்லாப் படத்திலும் இரும்புச் சுவரின் அருகில் ஒரு ஆள் நிற்பார். வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, கைகள் பக்கவாட்டில். சுவரின் உயரம் பார்ப்பவருக்குப் புரிவதற்காக நிறுத்தப்பட்டவர். இருட்டறையில் நாங்கள் அவரை 'அளவுக்கு ஆள்' என்போம். ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி உண்டு: படங்களில் நிற்பவரின் உயரம் ஐந்தடி பத்தங்குலம். பெயர் இல்லை.

அவர் பெயர் சின்னக்காளை. மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். சொந்த நிலம் கிடையாது. கண்மாய் வற்றி வயலில் கூலி இல்லாத மாதங்களில் அந்தப் பக்கத்து ஆட்கள் கூட்டமாக டாக் வேலைக்குப் போனார்கள்.

அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. படம் எடுப்பவருக்குக் கைச்சுளுக்கு, தகட்டுப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். சுவரின் நிழலில் வெளிச்சம் குறைவு. காமிராவின் வாயை ஓரிரு வினாடி திறந்துவைக்க வேண்டும். அதற்குள் நிற்பவர் அசைந்தால் முகம் புகையாகிவிடும். மற்றவர்களை நிறுத்தினால் சிரித்துவிடுவார்கள், அல்லது கண்ணைத் துடைப்பார்கள். சின்னக்காளை தூண் மாதிரி நிற்பார். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அவரே.

"ஏய், மாப்பிள்ளை ரெடியாயிட்டாருடா. பொண்ண எங்க?" என்று மேலே சாரத்தில் இருந்த ஒருவர் கத்தினார்.

"பொண்ணுதான் பின்னால நிக்குதுல்ல. இரும்புப் பொண்ணு" என்றார் சின்னக்காளை, உதடு அசையாமல். நின்ற நிலை கலையவில்லை.

படம் எடுத்து முடித்ததும் எங்களிடம் வந்தார்.

"அண்ணே, இம்புட்டுப் படம் எடுத்துருக்கீக. எனக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா? வீட்டுல காமிப்பேன்ல."

படம் எடுப்பவர் சிரித்தார். "உன்னை எங்கன்னு காமிப்ப? அம்புட்டுப் பெரிய சுவத்துல நீ எறும்பு மாதிரி நிக்கிற. தேடுறதுக்கே லென்சு வேணும்."

"எங்க வீட்டுல தேடிக் கண்டுபிடிச்சிரும்ண்ணே. நான் நிக்கிற தோது அதுக்குத் தெரியும்."

அடுத்த முறை தருவதாக அவர் சொன்னார். தரவில்லை. அளவுக்கு நிற்பவருக்குப் பிரதி தருவது எங்கள் கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் வழக்கமில்லை.

படம் எடுப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். இருட்டறையில் எனக்கு எதுவும் தெரியாத நாளில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். "தகடு பொய் சொல்லாது மாப்ள. நாமதான் அதைச் சொல்லவைக்கணும்" என்று ஒரு தடவை சொன்னார். அது வேடிக்கையாகச் சொன்னது என்று நினைத்திருந்தேன்.

இனி அந்தச் சித்திரை.

மதுரைச் சித்திரையில் குழாய்த் தண்ணீரே காய்ச்சின மாதிரி வரும். அந்தத் தண்ணீரில் தகட்டைக் கழுவினால் மேலே பூசியிருக்கும் பசை ஓரத்தில் சுருங்கி, பால் ஆடை போலக் கழன்று வந்துவிடும். எனவே ஐஸ் வாங்கி, விடியுமுன் குளிர்ந்திருக்கும் நேரத்தில் சில தகடுகள் மட்டும் கழுவுவோம். எதை முதலில் கழுவுவது என்பதை முதலாளி முடிவு செய்வார். அந்த வாரம் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம். திருவிழாப் படங்களை அட்டையாகப் போட்டு விற்றால் கூட்டம் கலைவதற்குள் தீர்ந்துவிடும். டாக் படங்களுக்கு அவசரமில்லை. அது மாதக் கணக்கில் ஓடும் வேலை.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்பவர் டாக்குக்குப் போய்வந்தார். கொண்டுவந்த தகட்டுப் பெட்டியை நான்தான் வாங்கி, இருட்டறை மூலையில் ஈரச் சாக்கைச் சுற்றிவைத்தேன். அதன்மேல் திருவிழாத் தகடுகள் வந்து சேர்ந்தன.

அந்த வெள்ளிக்கிழமை டாக்கை அமிழ்த்திப் பார்க்கும் சோதனை நடந்தது. ஒரு பக்கத்து அறைகள் மற்றப் பக்கத்தைவிட வேகமாக நீர் வாங்கின. தளம் சாய்ந்தது. மேலே நின்ற ஆட்கள் சரிந்து கடலில் விழுந்தார்கள். பலர் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். இரண்டு உடல்கள் மறுநாள் கிடைத்தன. சின்னக்காளையைக் காணவில்லை.

சனிக்கிழமை காண்டிராக்டரின் மேனேஜரிடமிருந்து கடைக்குத் தந்தி. டாக்கை நிமிர்த்தியாகிவிட்டது, ஒரு சேதமும் இல்லை என்று காட்டப் படம் வேண்டும். படம் எடுப்பவர் ஞாயிறன்று மறுபடி போனார். இரண்டாவது பெட்டி வந்தது. அடுத்த புதன்கிழமை விடியலில் இரண்டு பெட்டியையும் சேர்த்துக் கழுவினேன். பழைய பெட்டியை முதலில், புதியதைப் பிறகு. வழக்கப்படி எல்லாத் தகட்டிலும் அந்தப் புதன்கிழமையின் தேதி.

பழைய பெட்டியின் கடைசித் தகடுதான் 41. அதில் சின்னக்காளை நிற்கிறார். 42-லிருந்து வேறு ஆள், குள்ளமானவர். இரண்டாம் பக்கத்தில் உள்ள உயரத்தை யாரும் திருத்தவில்லை. ஆகவே ஆளை வைத்து அளந்து பார்ப்பவருக்கு, விபத்துக்குப் பிறகு டாக் வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். இதை நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பின்னாளில் ஒரு பொறியாளர் உண்மையாகவே என்னிடம் கேட்டார்.

துறைமுகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். வந்தவர் கோச்சடை பங்களாவின் முன்னறையிலேயே உட்கார்ந்து விசாரித்தார். காண்டிராக்டர் இறந்தவர்கள் இருவர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சின்னக்காளையின் மனைவி பேச்சியும் அவளுடைய அண்ணன் மாயாண்டியும் மூவர் என்றார்கள். சின்னக்காளை விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகக் கூட வேலை செய்த இரண்டு பேர் வந்து சொன்னார்கள். மேனேஜர் எழுந்துபோய் ஆல்பத்தைக் கொண்டுவந்து 41-ஆம் படத்தைத் திறந்து வைத்தார்.

"இதுல நிக்கிறவன் யாருப்பா?" என்று அந்த இரண்டு பேரையும் கேட்டார்.

"காளைதாங்க."

"தேதியைப் பாருங்க சார். விபத்துக்குப் பிந்தின புதன்கிழமை. தண்ணியில போனவன் அஞ்சு நாள் கழிச்சு வந்து போட்டோவுக்கு நின்னானா?"

பயந்து ஓடிவிட்டான், எங்காவது கப்பலேறியிருப்பான் என்பது அவர் முடிவு. அத்தனை ஆல்பங்களில் சின்னக்காளை நின்றிருக்கிறார். அவர் பெயரை யாரோ படத்தோடு சேர்த்துச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அதுவும் அவர் சாகவில்லை என்று காட்டுவதற்காக.

தேதி எழுதியவன் என்பதால் என்னை அழைத்திருந்தார்கள். முதலாளியும் படம் எடுப்பவரும்கூட வந்திருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க. ஆனா அது படம் எடுத்த நாள் இல்லை. தகடு கழுவின நாள். எங்க கடை வழக்கம் அப்படி. இந்தத் தகடு விபத்துக்கு முன்னாடியே மதுரைக்கு வந்துருச்சு. நான்தான் வாங்கி வச்சேன்."

அதிகாரி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். தங்க எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நாள்வாரியாக எடுத்த படங்கள்னு போட்டிருக்கு. கழுவின படங்கள்னு போடலையே. அப்ப இந்த ஆல்பத்துல இருக்கிற எல்லாத் தேதியும் தப்புன்னு சொல்றீங்களா?"

"வெளியூர்ப் படம் எல்லாத்துக்கும் அப்படித்தாங்க."

அப்போது முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் நான் என்ன செய்துவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தத் தேதிகளைக் காட்டித்தான் காண்டிராக்டர் ஒவ்வொரு கட்டமும் முடிந்ததாகத் துறைமுகத்திடம் சொல்லிவந்தார். ஒன்று தவறென்றால் மூன்று ஆல்பமும் தவறு. சின்னக்காளைக்காக அந்த வீட்டில் யாரும் மூன்று ஆல்பங்களைக் கொடுக்கத் தயாராக இல்லை.

நான் விடவில்லை. 41-இல் ஒரு ஆள், 42-இல் வேறு ஆள், ஒரே நாளில் எடுத்தது என்றால் ஏன் ஆளை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். மேனேஜர் சிரித்தார். "மத்தியானம் ஓடியிருப்பான். அப்புறம் வேற ஆளை நிறுத்தித்தானே ஆகணும்."

அதிகாரி படம் எடுப்பவரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இது விபத்துக்கு முன்னாடி போனப்ப எடுத்ததா, பின்னாடி போனப்பவா?"

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. காமிராவின் பின்னால் நின்றவர் அவர் ஒருவர்தான். பேச்சி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஞாபகம் இல்லைங்க" என்றார்.

"ரெண்டுல ஒண்ணா இருக்கலாம்?"

"இருக்கலாங்க."

அவ்வளவுதான். இறந்தவர் இருவர், ஒருவர் வேலையை விட்டு ஓடியவர் என்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது ஆற்றோரமாக நடந்தோம். வைகையில் தண்ணீர் இல்லை. திருவிழாப் பந்தல் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"என்ன மாப்ள, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"ஒங்களுக்கு ஞாபகம் இருக்குண்ணே."

"இருந்தா?"

"சொல்லியிருக்கலாம்ல."

"தேதி எழுதுறது ஒன் வேலை. படம் எடுக்கிறது என் வேலை. ஒன் வேலையில இருக்கிற கோளாறுக்கு நான் எதுக்குச் சாட்சி சொல்லணும்?" கொஞ்ச தூரம் நடந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செத்தவன் திரும்பி வரப்போறானா, சொல்லு."

செத்தவன் என்று அவர் வாயிலிருந்து வந்தது. அதை நான் அன்றே குறித்துவைத்தேன். சாட்சி இல்லாத இடத்தில் சொன்ன சொல். அதை ஆதாரம் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். நீங்களும் ஏற்கக் கூடாது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 'அவன் செத்திருந்தால்' என்ற பொருளிலும் அவர் அப்படிச் சொல்லியிருக்க முடியும். பல வருடங்கள் கழித்து, அவர் படுக்கையில் கிடந்தபோது மறுபடி கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதலாளி என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. மையையும் பேனாவையும் மட்டும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அதன்பின் தேதியை அவரே எழுதினார். கழுவிய நாளைத்தான்.

மாசம் திரும்பி இருக்கும். பேச்சியும் மாயாண்டியும் மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து கடை வாசலில் நின்றார்கள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். உள்ளே அழைத்தேன்.

"அந்தப் படத்தை ஒருக்காப் பாக்கணுமாம்" என்றார் மாயாண்டி. "அன்னைக்குத் தூரத்துலருந்து பாத்தது. சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

41-இன் பிரதி ஒன்றை மேசைமேல் வைத்து லென்சைக் கொடுத்தேன். பேச்சி அதை வாங்கவில்லை. படத்தின்மேல் குனிந்து, சுவரின் அடியில் அவர் நின்ற இடத்தில் உடனே விரலை வைத்தாள். லென்சு தேவைப்படவில்லை. டாக்கில் சின்னக்காளை சொன்னது எனக்கு அப்போது நினைவு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இது அந்த வெள்ளிக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"அவுக ஆத்தா நம்ப மாட்டேங்குது. சர்க்காரே உசுரோட இருக்கான்னு எழுதிருச்சு, நீ எதுக்குடி கருமாதிங்குற, எம்மவனக் கொல்லப் பாக்குறியாங்குது. கொழுந்தன் அதுக்கு மேல. ஒன்னோட வாழப் பிடிக்காமத்தான் ஓடிட்டான்னு தெருவுல நின்னு பேசுறான். தண்ணி எடுக்கப் போனா, அக்கரையிலருந்து காயிதம் வந்துச்சான்னு சிரிக்கிறாளுக. நான் அழுகவா, காத்துக் கெடக்கவா? எதாச்சும் ஒண்ணச் சொல்லிப்புட்டா அதச் செஞ்சுட்டுப் போறேன்."

"முந்திதாம்மா. பெட்டியை வாங்கி வச்சது நான். எனக்குத் தெரியும்."

"படம் எடுக்கையில நீங்க அங்க இருந்தீகளா?"

"இல்ல."

"பெட்டிக்குள்ள இந்தப் படம் இருந்ததப் பாத்தீகளா?"

கழுவுவதற்கு முன் தகட்டில் ஒன்றும் தெரியாது. எல்லாத் தகடும் ஒன்றுபோல் வெறுமையாகத்தான் இருக்கும். இரண்டு பெட்டியையும் ஒரே விடியலில், ஒரே சிவப்பு விளக்கின் மங்கலில் கழுவினேன். வரிசை மாறவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும். அவளிடம் பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதுதான் சரி என்றுகூடத் தோன்றியது. வாய் வரவில்லை.

"பாக்கலம்மா."

அவள் தலையசைத்தாள். கோபம் இல்லை.

"நீங்களும் பாக்கல. அந்த ஆபீசரும் பாக்கல. பாத்த ரெண்டு பேரு வந்து சொன்னாக, அத யாருமே காதுல வாங்கல." பிறகு படத்தின் மூலையைக் காட்டினாள். "இதுதான அந்த எழுத்து?"

"ஆமா."

"அத வெட்டிட்டு மிச்சத்தக் குடுங்க."

கத்தியை எடுத்து மூலையை வெட்டினேன். சதுரமாக இருந்த படம் ஒரு முனை இல்லாமல் நின்றது. மாயாண்டி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டார். "வாரோம்" என்று சொல்லிவிட்டு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். அளவுக்கு நின்ற ஒருவரின் வீட்டுக்கு எங்கள் கடையிலிருந்து போன பிரதி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

யுத்த காலத்தில் கண்ணாடி கிடைக்காமல் போனது. முதலாளி பழைய தகடுகளைக் கொதிநீரில் போட்டுச் சுரண்டிச் சட்டம் போடுகிறவர்களுக்கு விற்றார். 41-ஆம் தகடும் அதில் போனது. பெட்டியை எடுத்துப் போகும்போது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். மதுரையில் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு சாமி படத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடி இருக்கக்கூடும். தகடு இருந்தால் பசையின் நிலையைப் பார்த்து, இரண்டு பெட்டியின் தகடுகளையும் ஒப்பிட்டு ஏதாவது சொல்ல முடிந்திருக்கும். இப்போது முடியாது.

கோச்சடை பங்களாவை வாரிசுகள் விற்றபோது ஆல்பங்கள் நம் காப்பகத்துக்கு வந்தன. நான் அப்போது இங்கே பொறுப்பில் இருந்தேன். மூன்றாம் ஆல்பத்தைத் திறந்து 41-ஐப் பார்த்தேன். அன்று மாலை எல்லோரும் போன பிறகு பென்சிலை எடுத்தேன். காப்பகத்தின் விதிப்படி அது தவறு. விதி எனக்குத் தெரியும், அதை எழுதியதில் எனக்கும் பங்குண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஆல்பம் கையில் வந்தால் நீங்கள் முதலில் பார்ப்பது தேதியை. அது இயல்புதான், நானும் அப்படிப் பழகியவன். அடுத்த தடவை தேதியைப் பார்த்ததும், அதை எழுதியவன் எங்கே உட்கார்ந்து எழுதினான் என்று கேளுங்கள். இருட்டறையில் உட்கார்ந்து எழுதினானா, அந்தச் சுவரின் எதிரில் நின்று எழுதினானா? எல்லோரும் நம்பிய ஒரு வெள்ளை எழுத்துக்கு எதிராகக் கண்ணால் பார்த்த இரண்டு கூலிக்காரர்களின் வாய்ச்சொல் நிற்கவில்லை. அந்த எழுத்து என்னுடையது என்பதால்தான் அது எவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்துகொண்டு எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அழிக்கச் சொல்லமாட்டேன். அழிக்காதீர்கள் என்று கெஞ்சவும் மாட்டேன். சீட்டில் நீங்கள் எழுதியது சரி: ஆதாரம் இணைக்கப்படவில்லை. இணைக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பென்சிலை அழிப்பதானால், மூலையில் இருக்கும் தேதியையும் ஆதாரமற்றது என்று பதிவேட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒரே கை.

பேச்சி கருமாதி செய்தாளா என்று அறிய மேலூர்ப் பக்கம் இருமுறை விசாரித்தேன். மூலை வெட்டின படத்தை வைத்துச் செய்தாள் என்று ஒருவர் சொன்னார். மாமியார் கடைசிவரை விடவில்லை, பேச்சி பொட்டோடுதான் செத்தாள் என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று சரிபார்க்க முடியவில்லை.

பென்சிலில் எழுதியிருப்பது மங்கியிருக்கலாம். உங்கள் பதிவுக்காக அப்படியே தருகிறேன்:

"மேலே உள்ளது தகடு கழுவிய நாள். எடுத்த நாள் தெரியவில்லை. நிற்பவர் சின்னக்காளை, மேலூருக்குக் கிழக்கே. இறந்த நாள் வெள்ளிக்கிழமை என்று இருவர் பார்த்துச் சொன்னது. உறுதிசெய்யப்படவில்லை."